தூணும் துரும்பும்

கடவுள் இல்லையென்று வாய்விட்டுச் சொன்ன ஒரு கவிஞர், விடியற்காலையில் எழும் ஞாயிற்றையும் வெயிலில் காயும் கருங்குன்றத்தையும் கண்டு, இஷ்ட தெய்வத்தின் சந்நிதியில் பக்தன் நிற்பதுபோல் மெய்ம்மறந்து நின்று பாடுவாரானால், அந்தப் பாட்டைச் சமயத்தின்பாற்பட்டதென்று கொள்வதா, சமயத்தைத் துறந்ததென்று கொள்வதா? இது இலக்கிய ரசிகர்கள் பொழுதுபோக்குக்காக நடத்தும் விவாதமன்று. பக்தி என்னும் உணர்ச்சி எவற்றால் ஆனது, அதற்கு விஷயமாக நிற்கும் தெய்வத்தை அதிலிருந்து விலக்கிவிட்டால் எஞ்சுவது யாது, அவ்வாறு எஞ்சுவதைக் கொண்டு ஒரு மனிதன் நன்றாக வாழவும் நன்றாக இறக்கவும் கூடுமா என்ற கேள்விகளெல்லாம் இதற்குள் அடங்கிக் கிடக்கின்றன. இந்த விசாரத்துக்குத் தமிழ்க் கவிஞருள் பாரதிதாசனைப்போல் பொருத்தமானவர் வேறொருவர் இல்லை. விசாரத்தை இருந்து நடத்துவதற்குச் செஞ்சியைப்போல் பொருத்தமான ஊரும் அதிகமில்லை.

பாரதிதாசன் புதுவைக் கவிஞராயிற்றே, செஞ்சிக்கும் அவருக்கும் யாது சம்பந்தம் என்று வாசகர் கேட்கலாம். ஆற்றின் வழியாக ஒரு சம்பந்தம் உண்டு. கல்லின் வழியாக மற்றொன்று உண்டு. செஞ்சி மலைகளில் பிறக்கும் சங்கராபரணி, செஞ்சியாறென்றும் வராக நதியென்றும் ஊரார் வாயில் வழங்கி, வீடூர் அணையைக் கடந்து, வில்லியனூர்ப் பக்கமாக ஓடிப் புதுவைக்குத் தெற்கே கடலில் கலக்கிறது. ஆறு போன திசையிலேயே கல்லும் போயிற்று. 1750-ல் புஸ்ஸி என்ற படைத்தலைவன் ஒரே இரவில் கோட்டையைப் பிடித்தது முதல் 1761-ல் ஆங்கிலேயர் கைக்கு அது மாறியது வரை செஞ்சி பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. கீழ்க்கோட்டையிலுள்ள வேங்கடரமணர் கோயிலின் சிற்பத் தூண்கள் சிலவற்றை அவர்கள் புதுவைக்குப் பெயர்த்துக் கொண்டுபோனார்கள். இன்று புதுவைக் கடற்கரையில் காந்தியடிகளின் சிலையைச் சூழ நிற்கும் கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவையே என்பர். மண்டபத்தையும் மூர்த்தியையும் இழந்து, வெறும் வானத்தையும் அலையையும் நோக்கி நிற்கும் அத்தூண்களுக்கு அருகே வளர்ந்தவர், தெய்வத்தை விட்டு வானத்தையும் அலையையும் பாடியவரானது ஒரு தற்செயல்தான். ஆயினும் சிந்திக்கத் தூண்டும் தற்செயல்.

சம்பந்தம் இவ்வளவோடு நின்றுவிடவில்லை. செஞ்சிக்குக் கிழக்கே, திண்டிவனத்திலிருந்து புதுவைக்குச் செல்லும் வழியில், பொம்மபுர ஆதீனத்தின் பரிபாலனத்திலுள்ள மயிலம் என்னும் சிறு குன்றின்மேல் முருகன் எழுந்தருளியிருக்கிறான். 1926-ல் வெளிவந்த ‘ஸ்ரீ மயிலம் சுப்பிரமணியர் துதியமுது’ என்ற நூலைப் பாடியவர் வேறு யாருமல்லர். பின்னாளில் நாஸ்திகக் கவிஞரென்று போற்றவும் தூற்றவும் பெற்ற இதே பாரதிதாசன்தான். எனவே அவர் நாஸ்திகத்தில் பிறந்து வளர்ந்தவரல்லர். பக்தியின் சந்நிதிக்குள் சென்று, அதன் மொழியையும் ராகத்தையும் தாளத்தையும் கற்றுத் தேர்ந்து, பிறகு வெளியே வந்தவர். வெளியே வந்தவர் உள்ளேயிருந்து எதைக் கையோடு கொண்டுவந்தார் என்பதே நம் விசாரம்.

அவருடைய வாழ்க்கையின் வெளி வரலாறு பலரும் அறிந்ததே. சுருங்கச் சொன்னால் போதும். 1891 ஏப்ரல் 29-ல் புதுவையில் பிறந்த கனக. சுப்புரத்தினம், பதினெட்டாம் வயதில் ஆசிரியத் தொழிலை மேற்கொண்டு, 37 ஆண்டுகள் தமிழ் கற்பித்து, 1946-ல் ஓய்வு பெற்றார். அடைக்கலமாகப் புதுவைக்கு வந்திருந்த சுப்பிரமணிய பாரதியாரின் நட்பு இளமையிலேயே வாய்த்தது. நண்பர்கள் முன்னிலையில் ஒரு பாட்டுக் கட்டும்படி பாரதியார் சொல்ல, அங்கேயே அவர் எழுதிக்கொடுத்த பாட்டு, பார்வை செல்லுமிடமெல்லாம் பராசக்தியே நிறைந்திருக்கிறாள் என்ற கருத்துடையது. அதைச் சுதேசமித்திரனுக்கு அனுப்பிவைத்தவரும் பாரதியாரே. 1920-களின் இறுதியில் சுயமரியாதை இயக்கம் அவரை ஈர்த்தது. 1930-ல் ‘சஞ்சீவி பர்வதத்தின் சாரல்’, 1934-ல் மேடையேறிய ‘இரணியன் அல்லது இணையற்ற வீரன்’ நாடகம், 1944-ல் ‘அழகின் சிரிப்பு’ என்று காவியமும் நாடகமும் இயற்கைக் கவிதையும் மாறிமாறி வந்தன. இடையில், 1940-ல் வெளிவந்த ‘கவி காளமேகம்’ படத்துக்கு, அம்பிகையின் அருளால் கவியான ஒருவரின் கதைக்கு, வசனமும் பாட்டும் எழுதினார். 1955-ல் புதுவைச் சட்டமன்ற உறுப்பினரானார். 1964 ஏப்ரல் 21-ல் மறைந்தார். மறைவுக்குப் பின் அவருடைய ‘பிசிராந்தையார்’ நாடகத்துக்கு 1969-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது வழங்கப்பட்டது.

இவற்றுள் முதலில் நம் கருத்தைக் கவருவது சஞ்சீவி மலையின் கதை. குப்பன் என்ற இளைஞனும் வஞ்சி என்ற பெண்ணும் காதலர். மலைமேலிருக்கும் இரண்டு மூலிகைகளைப் பெறவேண்டுமென்ற அவளுடைய பிடிவாதத்துக்கு இணங்கி அவன் அவளை உச்சிக்கு அழைத்துச் செல்கிறான். ஒரு மூலிகையைத் தின்றால் உலகில் எங்கெங்கோ பேசுவாரின் பேச்சு காதில் விழும்; மற்றொன்றைத் தின்றால் தொலைவிலுள்ள காட்சி கண்ணில் தோன்றும். முதல் மூலிகையை உண்டதும் அயல்நாட்டாரின் பேச்சுகள் கேட்கின்றன. பிறகு நம் நாட்டுப் பேச்சொன்று வருகிறது: அநுமான் சஞ்சீவி பர்வதத்தை வேரோடு பெயர்த்தெடுத்தான் என்று யாரோ முழங்குகிறார்கள். தாம் உட்கார்ந்திருக்கும் மலையே இப்பொழுது பெயரப்போகிறதென்று குப்பன் நடுங்குகிறான், வஞ்சி நகைக்கிறாள், கேட்டது ஒரு பாகவதரின் இராமாயண காலட்சேபம் என்பது பிறகு வெளியாகிறது.

இதை மூடநம்பிக்கையைப் பரிகசிக்கும் கதையென்று மட்டும் படித்துவிடுவது வழக்கம். பரிகாசம் இருப்பது உண்மையே. ஆனால் செஞ்சியின் ராஜகிரியில், ஒன்றன்மேல் ஒன்றாக யாரோ அடுக்கிவைத்தாற்போலவும் எவராலும் அடுக்கியிருக்க முடியாதனபோலவும் கிடக்கும் பாறைகளுக்கிடையே படியேறி, உச்சியைப் பிரித்து நிற்கும் பள்ளத்தைப் பாலத்தின் வழியாகக் கடந்து, மேலிருந்து கிருஷ்ணகிரியையும் சந்திரகிரியையும் நோக்குகிற ஒருவருக்கு அக்கதையின் வேறொரு நியாயமும் விளங்கும். மலையை ஒரு கையால் பெயர்த்து மருந்துப்பெட்டியைப்போல் தூக்கிச் செல்லலாம் என்று சொல்லும் கதையில், வியப்புக்குரியவன் தூக்குகிறவன், மலை வெறுங்கருவி. கவிஞரின் காவியத்திலோ குயிலும் மயிலும் குரங்கும் நிறைந்த சாரலே வியப்புக்குரியது. அதை யாரும் தூக்க வேண்டியதில்லை. மலையைப் பெயர்க்கும் பக்தியை அவர் மறுத்தது, மலையின்மேல் அவருக்கிருந்த பக்தியினாலும்தான் என்று சொல்லத் தோன்றுகிறது.

இனி நாடகத்துக்கு வருவோம். பிரகலாதனின் கதையை அறியாத தமிழர் இல்லை. எங்கே உன் ஹரி என்று தந்தை அதட்ட, தூணிலும் இருப்பான், துரும்பிலும் இருப்பான் என்று மகன் சொல்ல, தூண் பிளந்தது. பாரதிதாசன் இக்கதையைத் தலைகீழாக்கினார். அவருடைய நாடகத்தில் இரணியன் தன்மானமுள்ள திராவிட வேந்தன். பிரகலாதன் ஆரியரின் சூழ்ச்சிக்கு இரையானவன். தூணிலிருந்து புறப்பட்டது தெய்வமன்று, வஞ்சனை. 1934-ல் பெரியாரின் தலைமையில் சென்னையில் அரங்கேறிய அந்நாடகம் 1939-ல் நூலாகி, 1948-ல் சென்னை அரசினரின் தடைக்கும் ஆளாயிற்று. மேடையில் அவர் எவ்வித ஐயத்துக்கும் இடமின்றி இரணியனின் பக்கம் நின்றார்.

ஆனால் பத்தாண்டுகளுக்குப் பின் வந்த ‘அழகின் சிரிப்பு’ என்ன சொல்லுகிறது? அழகு, கடல், தென்றல், காடு, குன்றம், ஆறு, செந்தாமரை, ஞாயிறு, வான், ஆல், புறாக்கள், கிளி, இருள், சிற்றூர், பட்டணம், தமிழ் என்று பதினாறு பொருள்களை அந்நூல் பாடுகிறது. அழகு என்னும் பெண் காலையிளம் பரிதியில் தென்படுகிறாள், கடற்பரப்பில் தென்படுகிறாள், சோலையில் தென்படுகிறாள். அன்போடு பார்க்கத் தெரிந்தவனுக்கு அவள் இல்லாத இடமில்லை. அவளைக் கைவரப் பெற்றவனுக்குத் துயரமில்லை என்பது முதற்பகுதியின் திரண்ட கருத்து. எங்கும் நிறைந்திருத்தலும் துக்கத்தை நீக்குதலும் இறைவனுக்குரிய லட்சணங்களாக நம் சமயங்கள் எல்லாம் எண்ணிவைத்தவை. முதற்பாட்டில் பராசக்திக்கு அளித்த வியாபகத்தைக் கவிஞர் இப்பொழுது அழகுக்கு அளித்துவிட்டார். தூணில் உண்டா என்றால் உண்டு. துரும்பில் உண்டா என்றால் உண்டு. நாடகாசிரியர் இரணியனின் கட்சி. கவிஞர் பிரகலாதனின் கட்சி. ஒரே மனிதர் இரண்டு கட்சியிலும் நிற்பது முரணாகாதா?

ஆஸ்திகர் இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறார்கள். அவர் வெளியில் நாஸ்திகம் பேசினாரேயன்றி, உள்ளத்தின் ஆழத்தில் மயிலத்து முருகனை மறக்கவே இல்லை, அழகென்று அவர் பாடியது முருகனையே என்பது அவ்விடை. சாமர்த்தியமான விடைதான், ஆனால் நேர்மையான விடையன்று. ஒருவர் அறிவோடும் துணிவோடும், மேடையேறி, எதிர்ப்பை ஏற்றுச் சொன்ன சொல்லை, அவர் பொருட்டு நாமே திருத்திக்கொடுப்பது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது. நாஸ்திகர் கையிலும் ஒரு விடை உண்டு. இயற்கைக் கவிதை அலங்காரந்தான், அழகைப் பெண்ணாக உருவகித்தது கவி மரபு, அதில் தத்துவம் தேடுவது வீண் என்பர். இதுவும் பொருந்தாது. அலங்காரத்துக்காக எழுதியவர் அந்நூலில் காட்டும் கூர்மையான பார்வையைக் காட்டியிருக்க மாட்டார்.

அந்தப் பார்வைக்கு ஆலமரத்தைப் பாடிய பகுதியிலிருந்து ஒரு காட்சியை எடுத்துக்கொள்ளலாம். கிளையிலிருந்து தொங்கும் பாம்பை விழுதென்று எண்ணிக் குரங்கொன்று தொட்டுவிடுகிறது. பாம்பென்று தெரிந்ததும் துள்ளிக் கிளைக்குக் கிளை தாவுகிறது. தாவும்போது கீழே தொங்கும் உண்மையான விழுதுகளெல்லாம் அதன் கண்ணுக்குப் பாம்பாகவே தோன்றுகின்றன. உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபின் தன் வாலையே அது ஐயத்தோடு திரும்பிப் பார்க்கிறது. செஞ்சிக் கோட்டைக்குள் குரங்குகளோடு பழகியவர்கள் இதன் உண்மையை உடனே ஒப்புவர். ஆனால் இது வேடிக்கை மட்டுமன்று. கயிற்றைப் பாம்பெனக் காணும் மயக்கத்தை உதாரணங்காட்டி வேதாந்திகள் பிரபஞ்சமே தோற்றமென்று நிறுவ முயன்றார்கள். நம் கவிஞரோ அந்தப் பழைய பாம்பை எடுத்து வேறொரு கிளையில் தொங்கவிடுகிறார். இவருடைய மரத்தில் பாம்பும் மெய், விழுதும் மெய், வாலும் மெய். பொய்யாக இருப்பது ஒருமுறை உண்டான அச்சம் கண்ணில் ஏறிக்கொண்டு எல்லாவற்றையும் பாம்பாக்குவது ஒன்றே. உலகம் பொய்யென்னும் வைராக்கியத்தையும், உலகைக் கண்டு நடுங்கித் தெய்வத்தின் காலைப் பிடிக்கும் பயபக்தியையும் அவர் ஒருசேர மறுக்கிறார். பயத்தைக் கழித்த கண்ணால் மரத்தைப் பார் என்பதே அவர் உபதேசம். இதை அலங்காரமென்று எவ்வாறு ஒதுக்குவது?

எனக்குத் தோன்றும் சமாதானம் இதுதான். வழிபாடு என்று நாம் பொதுவாகச் சொல்லும் செயலில் இரண்டு தனித்தனிச் செயல்கள் பின்னிக் கிடக்கின்றன: ஒன்று வேண்டுதல், மற்றொன்று வியத்தல். வேண்டுகிறவன் முன்னே தெய்வம் ஓர் அரசனைப்போல் வீற்றிருக்கிறது. தருவதும் மறுப்பதும், மன்னிப்பதும் தண்டிப்பதும் அதன் அதிகாரம். வியக்கிறவன் முன்னே அதிகாரம் என்ற பேச்சே இல்லை. இருப்பது இருக்கிறது, அதைக் கண்டவன் கைகூப்புகிறான். நாடகமேடையில் தெய்வம் அரசனாகவே வந்தாகவேண்டும். தந்தைக்கும் மகனுக்கும், ஆள்வோனுக்கும் ஆட்படுவோனுக்கும் நடக்கும் வழக்கில் அது ஒரு கட்சிக்காரனாக நிற்கிறது. அந்த அரசனையும், அவன் பெயரால் சாதியையும் அடிமைத்தனத்தையும் நிலைநிறுத்திய அவன் உத்தியோகஸ்தர்களையும் பாரதிதாசன் மறுத்தார். இயற்கையின் முன்னே அத்தகைய வழக்கு எதுவும் இல்லை; ஆகவே மறுப்பதற்கும் அங்கே எதுவும் இருக்கவில்லை. வேண்டுதலை அவர் விட்டார், வியத்தலை விடவில்லை. பிரகலாதனின் வாக்கில் ஹரியைக் கழித்து, தூணையும் துரும்பையும் வைத்துக்கொண்டார்.

இந்தப் பாகுபாட்டைச் செஞ்சி மலைகள் கண்கூடாகக் காட்டுகின்றன. ராஜகிரிக்கு ஏறும் வழியில் கமலக்கன்னியம்மன் இருக்கிறாள். அவளிடம் மழை கேட்பார்கள், பிள்ளை வரம் கேட்பார்கள், நோய் தீரக் கேட்பார்கள். ஊருக்கு வடக்கே சிங்கவரத்தில், பல்லவர் காலத்துக் குடைவரையில் அரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். தேசிங்கு ராஜன் 1714-ல் ஆற்காட்டு நவாபின் படையை எதிர்க்கப் புறப்படுமுன் தன் குலதெய்வமாகிய அவரிடம் விடை கேட்டதாகவும், அவர் போகவேண்டாமென்று முகத்தைத் திருப்பிக்கொண்டதாகவும், கேளாமல் போன இளைஞன் திரும்பவில்லை என்றும் ஊரார் இன்றும் சொல்லுவர். கேட்டது கிடைக்கவில்லை, எனினும், திரும்பிய முகத்தையே தலைமுறை தலைமுறையாக வந்து சேவித்துப் போகிறார்கள். வேண்டுதல் பொய்த்த பிறகும் வணக்கம் நிற்கிறதென்றால், சாமானியரின் பக்தியிலேயே வேண்டுதலுக்கு அப்பாற்பட்ட ஓர் அம்சம் உண்டு என்பது பெறப்படுகிறது.

சிங்கவரத்துக்கு அண்மையில் திருநாதர்குன்று என்னும் பாறைக்குன்று இருக்கிறது. அதன் மேலுள்ள பெரும்பாறையின் முகத்தில், வரிசைக்குப் பன்னிருவராக இரண்டு வரிசையில், இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களின் உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. கோயிலில்லை, கூரையில்லை, வெயிலும் மழையும் நேரே விழுகின்றன. அங்குள்ள கல்வெட்டொன்று, சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த இடம் அதுவென்று குறிக்கிறது. அதன் எழுத்துக்கு 1,400 ஆண்டுகளுக்குக் குறையாத பழமை உண்டு. மற்றொன்று, 30 நாள் நோன்பிருந்து மறைந்த இளையபட்டாரகரை நினைவூட்டுகிறது. ஜைன தரிசனத்தில் சிருஷ்டிகர்த்தா இல்லை, உலகம் அநாதி, தீர்த்தங்கரர் வரம் கொடுப்பவரல்லர். அப்படியானால் 57 நாளும் அந்த முனிவர் யாரை நோக்கி என்ன வேண்டினார்? எவரையும் நோக்கி எதையும் வேண்டவில்லை. ஆயினும் அவருடைய நோன்பைச் சமயமன்று என்று சொல்ல யாருக்கு நா எழும்? கடவுளை ஒப்பாத சமயம் இந்நாட்டுக்குப் புதிதன்று. செஞ்சி வட்டாரத்தில் மேல்சித்தாமூர் மடத்தைத் தலைமையாகக் கொண்டு தமிழ்ச் சமணர் இன்றும் அதைப் பேணி வருகின்றனர்.

இதனால் பாரதிதாசனைச் சமணரென்று சொல்லிவிட முடியாது. சந்திரநந்தி ஆன்மாவை நம்பினார், வினையை நம்பினார், வினை தீர்ந்தபின் எய்தும் வீட்டை நம்பினார். ஐம்புலன்களையும் அடக்கி உடம்பை உதிர்ப்பது அவர் வழி. நம் கவிஞருக்கோ ஐம்புலன்களே ஐந்து வாயில்கள். தென்றல் தீண்டுவதையும் செந்தாமரை மலர்வதையும் விட்டு அவர் போக விரும்பும் உலகம் வேறில்லை. ஒருவர் உலகைத் துறந்து வேண்டாமையை அடைந்தார். மற்றவர் உலகில் திளைத்து வேண்டாமையை அடைந்தார். இவ்வளவு வேறுபட்ட இருவரும் ஓரிடத்தில் சந்திக்கிறார்கள்: தமக்கு மேலே ஒரு கொடையாளி இல்லை என்பதால் இருவரும் சிறுமையடையவில்லை.

நன்றாக வாழ்வதற்கு இது போதும் என்று வைத்துக்கொண்டாலும், நன்றாக இறப்பதற்குப் போதுமா என்ற கேள்வி நிற்கிறது. கடைசியில் பெருமை பெற்ற நாடகத்துக்குப் பாரதிதாசன் யாரைத் தலைவராகக் கொண்டார் என்பது இங்கே கவனிக்கத்தக்கது. பிசிராந்தையார் பாண்டிநாட்டுப் புலவர். உறையூர்க் கோப்பெருஞ்சோழனை நேரில் காணாமலே நட்புப் பூண்டவர். தன் புதல்வரோடு நேர்ந்த பகையால் மனம் நொந்து அச்சோழன் வடக்கிருந்தபோது, அழைப்பில்லாமலே வந்து, தமக்காக ஒழித்துவைக்கப்பட்டிருந்த இடத்தில் அமர்ந்து உயிர்நீத்தவர். புறநானூற்றில் அச்சோழன் பாடியதாக உள்ள பாட்டொன்று, நல்வினைக்குப் பயன் உண்டாயின் வானுலகம் கிட்டும், வானுலகம் இல்லையாயினும் மறுபிறவி இல்லாமை கிட்டும், அதுவும் இல்லையென்றே வைத்துக்கொண்டாலும் நற்புகழை நிறுத்தி மாய்வது மேலானது என்று படிப்படியாக வாதிக்கிறது. சுவர்க்கமும் மோக்ஷமும் இல்லாமற் போனாலும் அறம் தன் காலிலேயே நிற்கும் என்ற இந்தத் துணிவு, நாஸ்திகம் என்ற சொல் மேடைகளில் முழங்குவதற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழில் உரைக்கப்பட்டுவிட்டது. பிசிராந்தையார் இறந்தது கடவுளுக்காக அன்று, கூலிக்காக அன்று, நட்புக்காக. சந்திரநந்தியின் 57 நாளும் பிசிராந்தையாரின் சில நாளும் ஒரே தரத்தன என்று நான் சொல்லவில்லை. ஆனால் கடவுளிடம் பலனை எதிர்பாராது உயிரைக் கொடுக்கும் ஆற்றல் கடவுளை ஒப்பாதவர்க்கும் உண்டு என்பதற்கு இரண்டும் சாட்சி.

இவ்வளவும் கவிஞருக்குச் சார்பாகச் சொன்னோம். எதிராகச் சொல்லவேண்டியதும் உண்டு. ‘அழகின் சிரிப்பு’ அழகில் தொடங்கித் தமிழில் முடிகிறது. கடலும் குன்றமும் ஆறும் அடங்கிய வரிசையில் சிற்றூரையும் பட்டணத்தையும் சேர்த்தது போற்றத்தக்கது. உழுகிறவனும் உழைக்கிறவனும் அழகுக்குப் புறம்பானவரல்லர் என்று அதனால் நிலைநாட்டினார். தமிழையும் சேர்த்தது இயல்பே. ஆயினும் அவருடைய பிற்கால எழுத்தில் தமிழ் வெறும் வியப்புக்குரிய பொருளாக நில்லாமல், தெய்வம் விட்டுச்சென்ற சிங்காதனத்தில் ஏறிக்கொண்டது. ஏறியதும் பழைய தெய்வத்தின் குணங்களும் கூடவே வந்துவிட்டன: அதற்குப் பக்தர் வேண்டியிருந்தது, துரோகி வேண்டியிருந்தது, சில வேளைகளில் பகைவனின் குருதியும் வேண்டியிருந்தது. குன்றத்தைப் பாடியபோது அவருக்கு எதிரி இல்லை. இனத்தைப் பாடியபோது எதிரியில்லாமல் பாட்டு நடக்கவில்லை. கடவுளை மறுப்பது எளிது, காலியான ஆசனத்தைக் காலியாகவே வைத்திருப்பதுதான் அரிது என்பதை இதிலிருந்து நாம் கற்கலாம். நாஸ்திகத்துக்கும் ஒரு விக்கிரக ஆராதனை உண்டு. அதிலிருந்து தப்புவதற்கும் ஒரு தவம் வேண்டும்.

மற்றொரு குறையும் உண்டு. நோயுற்ற குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு கமலக்கன்னியம்மனிடம் படியேறும் தாய்க்கு, அழகைப் பார், அவள் எங்கும் இருக்கிறாள் என்று சொல்வது எப்படி ஆறுதலாகும்? வியத்தல் என்பது வயிறும் மனமும் ஓரளவு அமைதிபெற்றவனுக்கே கூடும். வேண்டுதலோ திக்கற்றவனின் கடைசி மொழி. அழகுக்குக் காது இல்லை. இதைக் கவிஞர் அறியாதவரல்லர். அறிந்ததனால்தான் வேண்டுதலை மனிதரை நோக்கித் திருப்பினார். தெய்வத்திடம் கேட்பதை அரசிடமும் சமூகத்திடமும் கேள், கேட்டுப் பெறுவதற்குக் கல்வியும் ஒற்றுமையும் தேடு என்பதே அவருடைய சீர்திருத்தப் பாடல்களின் சாரம். மருத்துவமனையும் பள்ளியும் பெருகும்தோறும் வேண்டுதலில் ஒரு பகுதி உண்மையாகவே கோயிலிலிருந்து இறங்கி வந்துவிடுகிறது. ஆனால் மருத்துவர் கைவிரித்த பின் அந்தத் தாய் என்ன செய்வாள்? இவ்விடத்தில் பாரதிதாசனிடம் விடை இல்லை. விடை தருவதாகச் சொல்லும் சமயங்களும், தேசிங்குக்கு அரங்கநாதர் காட்டிய முகத்தையே பல வேளைகளில் காட்டுகின்றன என்பதையும் நாம் மறக்கலாகாது. ஆனாலும் முகம் திருப்புவதற்கேனும் ஒரு முகம் இருக்கிறதென்ற நினைவு அவளுக்கு ஆதரவாகலாம். அந்த ஆதரவை எள்ளி நகையாட எவருக்கும் உரிமையில்லை, கவிஞருக்கும் இல்லை.

ஆகவே, தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு என் விடை இது. பாரதிதாசன் நாஸ்திகரே, அவரை ஆஸ்திகராக்க முயல்வது அவருடைய சொல்லுக்குச் செய்யும் துரோகம். ஆனால் பக்தி அறியாதவர் என்று அவரைச் சொன்னால் அவருடைய கவிதைக்குத் துரோகம் செய்தவராவோம். பக்தியின் இரு கூறுகளில் ஒன்றை அறவே துறந்து, மற்றொன்றைப் பக்தர்களிற் பலர் அறியாத தூய்மையோடு காத்தவர் அவர். நாஸ்திகர்கள் அவரிடமிருந்து கற்கவேண்டியது, மறுப்பதோடு வேலை முடிந்துவிடுவதில்லை, மறுத்த பிறகும் கண் திறந்திருக்க வேண்டும் என்பதை. ஆஸ்திகர்கள் கற்கவேண்டியது இன்னும் கடினமானது: நாம் ஒவ்வொருவரும் சந்நிதியில் நின்று சொல்லுகிற வார்த்தைகளிலிருந்து கேட்கிற வார்த்தைகளையெல்லாம் கழித்துவிட்டால் வாயில் என்ன மிஞ்சும் என்று எண்ணிப் பார்க்கவேண்டும். ஒன்றும் மிஞ்சாதென்றால், கவிஞர் நிராகரித்த அரசனைத்தான் நாமும் இதுவரை சேவித்து வந்திருக்கிறோம். ஏதேனும் மிஞ்சுமானால், அவ்வளவில் அந்த நாஸ்திகரும் நாமும் ஒரே சமயத்தார்.